விற்ற மருந்தை மீட்ட வரலாறு



ஒரு பண்டத்தை விற்பது எப்படி என்று கற்றுத்தரும் நூல்கள் உலகில் ஏராளமாக உண்டு. விற்றுவிட்ட பண்டத்தைத் தேடிப் பிடித்துத் திரும்ப வாங்குவது எப்படி என்பதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. முப்பத்து நான்கு ஆண்டுகள் பிள்ளைகளுக்கு வரலாறு கற்பித்த நானும் பானிப்பட்டுப் போர்களை வகைவகையாகச் சொல்லிக் கொடுத்தேனே அல்லாமல், இதைப் பற்றி ஒரு வகுப்பேனும் எடுத்தவனல்லன். 2025ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ஒரு நாள் மாலை, இருமல் மருந்துப் புட்டி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் ஊர் மருந்துக்கடை வாசலில் நான் நிற்க நேர்ந்தது. அன்றுதான் இந்த வரலாறு எனக்கு வேண்டியதாயிற்று. அந்தப் புட்டியின் செய்தியைப் பின்னர்ச் சொல்லுகிறேன். முதலில் 1937ஆம் ஆண்டின் அமெரிக்காவுக்குச் செல்வோம்.

அந்நாளில் சல்பனிலமைடு என்ற மருந்து புதிதாகப் புகழ் பெற்றிருந்தது. பென்சிலின் நடைமுறைக்கு வராத காலம் அது. தொண்டைப் புண், பிள்ளை பெற்ற தாய்மாருக்கு வரும் காய்ச்சல், இரத்தத்தில் பரவும் சீழ் ஆகியவை உயிரைக் கொண்டுபோகும் நோய்களாக இருந்தன. ஜெர்மனியில் டோமக் என்னும் அறிஞர் கண்டறிந்த பிராண்டோசில் என்ற சாயப் பொருள் அந்நோய்க் கிருமிகளை அடக்கிற்று. அதன் உட்பொருளே சல்பனிலமைடு. 1936ஆம் ஆண்டு இறுதியில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டின் மகன் தொண்டை நோயால் உயிருக்கு ஆபத்தான நிலையில் கிடந்தபோது, இந்த இன மருந்தே அவரைக் காப்பாற்றியது. பத்திரிகைகள் அதைக் கொட்டை எழுத்தில் வெளியிட்டன. பிறகு கேட்பானேன்? ஊருக்கு ஊர் எல்லாரும் அந்த மருந்தைக் கேட்கத் தொடங்கிவிட்டனர்.

மருந்து மாத்திரையாகவும் தூளாகவும் கிடைத்தது. குழந்தைகள் மாத்திரையை விழுங்குமா? தென் மாநிலங்களில் இதை நீர்மருந்தாகக் கேட்கிறார்கள் என்று 1937 ஜூன் மாதத்தில் ஒரு விற்பனையாளர் தம் கம்பெனிக்குத் தெரிவித்தார். டென்னஸி மாநிலத்தில் பிரிஸ்டல் என்னும் ஊரில் இருந்த மாசென்கில் கம்பெனி அது. அங்கே தலைமை இரசாயனராக இருந்த ஹெரால்டு வாட்கின்ஸ் பல திரவங்களில் கரைத்துப் பார்த்தார். எளிதில் கரையாத அந்தத் தூள் டை எத்திலீன் கிளைக்கால் என்னும் திரவத்தில் நன்றாகக் கரைந்தது. அத்திரவம் நிறமற்றது, இனிப்பானது, தொழிற்சாலைகளில் கரைப்பானாகப் பயன்படுவது. அதனுடன் ராஸ்பெரிப் பழத்தின் சுவையும் சேர்ந்தது. கம்பெனியின் சோதனைச்சாலை அந்தக் கலவையைச் சோதித்தது. எதற்காகச் சோதித்தது? நிறத்துக்காக, மணத்துக்காக, சுவைக்காக. மூன்றிலும் தேறிவிட்டது. உடலுக்குள் சென்றால் என்ன செய்யும் என்று எவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று சட்டமும் சொல்லவில்லை. அந்தத் திரவம் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதைக் காட்டிய ஆய்வுகள் சில மருத்துவ ஏடுகளில் முன்னமே வெளிவந்திருந்தன. புரட்டிப் பார்க்கத்தான் ஆளில்லை.

செப்டம்பர் தொடக்கத்தில் சரக்கு புறப்பட்டது. மொத்தம் 240 காலன்; நம் கணக்கில் சுமார் 900 லிட்டர். அது 633 சிப்பங்களாகப் பிரிந்து நாடெங்கும் சென்றது.

அக்டோபர் 11ஆம் நாள், ஓக்லஹோமா மாநிலத்து டல்ஸா நகர மருத்துவர்களிடமிருந்து அமெரிக்க மருத்துவச் சங்கத்துக்குச் செய்தி வந்தது. இந்த மருந்தைக் குடித்தவர்கள் சிலர் சிறுநீர் முற்றும் நின்று, வயிற்று வலியால் துடித்து, நினைவிழந்து இறந்துபோயினர் என்பதே அச்செய்தி. சங்கத்தின் சோதனைச்சாலை மருந்தைப் பகுத்து, குற்றவாளி சல்பனிலமைடு அன்று, அதைக் கரைத்த திரவமே என்று கண்டது. உடனே பத்திரிகை வாயிலாகவும் வானொலி வாயிலாகவும் எச்சரிக்கை விடுத்தது. வானொலியில் பேசுகிறவன் என்ற முறையில் இதைச் சற்று அழுத்தியே சொல்லுகிறேன்: அந்த நாட்களில் மலைக்காட்டுக் குடிசைகள் வரையில் செய்தியைக் கொண்டுசெல்லக் கூடியதாக இருந்தது வானொலிப் பெட்டி ஒன்றே.

அக்டோபர் 14ஆம் நாள் அரசாங்கத்தின் உணவு மருந்து நிர்வாகத்துக்குத் தகவல் எட்டியது. அதன் அலுவலர் ஒருவர் பிரிஸ்டலுக்கு விரைந்தார். கம்பெனிக்குச் செய்தி முன்னமே தெரிந்திருந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட விற்பனையாளர்களுக்கும் மருந்துக்கடைகளுக்கும் மருத்துவர்களுக்கும் தந்திகளும் போயிருந்தன. ஆனால் அந்தத் தந்திகள் சொன்னது என்ன? சரக்கைத் திருப்பி அனுப்புங்கள் என்று மட்டுமே. ஏன் என்று இல்லை. எவ்வளவு விரைவாக என்று இல்லை. குடித்தால் உயிர் போகும் என்று இல்லவே இல்லை. அப்படியொரு தந்தியைப் பெற்ற கடைக்காரர் என்ன செய்வார்? புட்டியைத் தட்டின் பின்வரிசையில் ஒதுக்கி வைத்துவிட்டு, அடுத்த வாரம் அனுப்பலாம் என்றிருப்பார். அரசாங்க அலுவலர் விடாமல் வற்புறுத்திய பின்னரே இரண்டாவது தந்தி சென்றது. அதில்தான் இம்மருந்து உயிருக்கு ஆபத்தானதாக இருக்கலாம், நோயாளிகளிடம் சென்றதையும் உடனே மீட்டாக வேண்டும் என்ற சொற்கள் இருந்தன. முதல் தந்திக்கும் இரண்டாவது தந்திக்கும் இடையில் எத்தனை கரண்டி மருந்து எத்தனை வாய்களுக்குள் சென்றதோ!

இனித் தொடங்குகிறது தேடல். நிர்வாகத்தின் கமிஷனராக இருந்தவர் வால்ட்டர் காம்ப்பெல். தம்மிடம் இருந்த 239 ஆய்வாளர்களையும் இரசாயனர்களையும் ஏறத்தாழ முழுமையாக இந்த ஒரே வேலைக்கு அவர் அனுப்பினார். மாநிலங்களின் சுகாதார அலுவலர்களும் சேர்ந்துகொண்டனர். கம்பெனியின் கணக்குப் புத்தகத்தைப் பார்த்தால் எந்த மொத்த வியாபாரிக்கு எத்தனை புட்டி போயிற்று என்பது தெரிந்தது. மொத்த வியாபாரியின் ஆயிரக்கணக்கான விற்பனைச் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினால், எந்தக் கடைக்குப் போயிற்று என்று கிடைத்தது. கடைக்குப் போய்க் கேட்டபோதுதான் நூல் அறுந்தது. சீட்டில் பெயர் இருக்கும், ஊர் இருக்காது. சில இடங்களில் பெயரும் இல்லை. மருத்துவர் சீட்டில்லாமல் நேரே வந்து காசு கொடுத்து வாங்கிப் போனவர்களுக்குச் சுவடே இல்லை. ஊர் சுற்றும் விற்பனையாளர்கள் மாதிரிப் புட்டிகளை எங்கெங்கே கொடுத்தார்கள் என்பது அவரவர் மனத்துக்குத்தான் வெளிச்சம். அவர்களுள் ஒருவர் சிறையில் வைக்கப்பட்ட பின்னரே வாய் திறந்தார்.

மருத்துவர்கள் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. தாம் கொடுத்த மருந்தால் நோயாளி இறந்தார் என்று ஒப்புக்கொள்ள யாருக்கு மனம் வரும்? சிலர் மறைத்தனர். வேறு சிலர் தாமே முன்வந்து அலுவலர்களுடன் காடு மேடெல்லாம் அலைந்தனர். மிசிசிப்பி மாநிலத்து மருத்துவர் ஒருவர், தம் நெருங்கிய நண்பர் உள்ளிட்ட ஆறு பேர் தாம் எழுதிக்கொடுத்த மருந்தாலேயே மாண்டனர் என்பதை நினைந்து நினைந்து, சாவு வந்தாலும் வரவேற்பேன் என்ற பொருள்பட ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். பல ஆண்டுகள் நல்ல பெயருடன் தொழில் செய்தவர் அவர்.

தேடிச் சென்ற ஓர் அலுவலர், மருந்து வாங்கிய ஒரு பெண்மணியைக் கண்டுபிடித்தார். அதை அழித்துவிட்டேன் என்றார் அந்த அம்மையார். பொறுப்பற்ற அலுவலராயிருந்தால் அத்துடன் கணக்கை முடித்துக்கொண்டிருப்பார். இவர் அப்படிச் செய்யாமல், எப்படி அழித்தீர்கள் என்று கேட்டார். சன்னல் வழியாகச் சந்தில் எறிந்துவிட்டேன் என்று பதில் வந்தது. அலுவலர் சந்துக்குப் போய்ப் பார்த்தார். புட்டி உடையாமல் கிடந்தது. மேலே பெயர்ச் சீட்டு அப்படியே இருந்தது. சந்தில் விளையாடும் ஒரு பிள்ளையைக் கொல்லப் போதுமான மருந்து உள்ளே இருந்தது. இனிப்பான மருந்து என்பதை மறந்துவிடக் கூடாது.

வீடு வீடாக, புட்டி புட்டியாக நடந்த இந்த வேட்டையின் முடிவை அரசாங்க அறிக்கை ஒரே வாக்கியத்தில் தருகிறது. 240 காலனில் 234 காலனும் ஒரு பைண்ட்டும் மீட்கப்பட்டன. எஞ்சியது குடிக்கப்பட்டுவிட்டது. எஞ்சியது எவ்வளவு? கழித்துப் பாருங்கள், ஆறு காலனுக்கும் குறைவு, சுமார் 22 லிட்டர். நம் வீடுகளில் தண்ணீர் எடுக்கும் குடம் இரண்டில் அடங்கிவிடும். அந்த இரண்டு குடத்தைக் குடித்தவர்கள் 353 பேர். இறந்தவர்கள் 105 பேர். அவர்களில் 34 பேர் குழந்தைகள். அது கிடைக்காமற்போன இரண்டு குடத்தின் கணக்கு. மீட்கப்பட்ட 234 காலன் நோயாளிகள் வீட்டை அடைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கணக்கை நான் போட்டுப் பார்க்கத் துணியவில்லை.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். எந்தச் சட்டத்தின்படி அரசாங்கம் அந்தப் புட்டிகளைப் பறிமுதல் செய்தது? அப்போது அமெரிக்காவில் நடப்பில் இருந்தது 1906ஆம் ஆண்டுச் சட்டம். கலப்படம் கூடாது, மேல்சீட்டில் பொய் கூடாது என்பதே அதன் சாரம். நஞ்சு விற்கக் கூடாது என்று அதில் இல்லை! ஆனால் அந்தக் கம்பெனி தன் மருந்துக்கு எலிக்ஸிர் என்று பெயரிட்டிருந்தது. எலிக்ஸிர் என்பது அரபு மொழியிலிருந்து வந்த சொல். இரசவாதிகள் சாவாமருந்துக்கு வைத்த பெயர். காலப்போக்கில் மருந்து வணிகத்தில், சாராயம் சேர்ந்த இனிப்பு நீர்மருந்து என்று அதற்குப் பொருள் ஏற்பட்டுவிட்டது. நம் நாட்டில் அரிஷ்டம் என்றால் ஊறிப் புளித்துச் சாராயச் சத்து ஏறியது என்றும், கஷாயம் என்றால் காய்ச்சி வடித்தது என்றும் வேறுபாடு இல்லையா? அது போல. இந்த மருந்தில் சாராயம் ஒரு துளியும் இல்லை. ஆகவே எலிக்ஸிர் என்று சொன்னது பொய். பொய்ப்பெயர் இட்ட பண்டத்தைப் பறிமுதல் செய்யலாம். இதுவே அரசாங்கத்துக்குக் கிடைத்த ஒரே பிடி. கம்பெனிக்காரர் கரைசல் என்று பெயர் வைத்திருந்தால், அந்தப் புட்டிகளைத் தொடக்கூட அரசாங்கத்துக்கு அதிகாரம் இருந்திராது. நாற்பது பேர் கொண்ட வகுப்பில் சொற்பொருள் சொல்லிக் கொடுத்துத் தொண்டை வற்றியவன் நான். ஒரு சொல்லின் அகராதிப் பொருள் இத்தனை உயிர்களுக்கு அரணாக நின்றதை வேறெங்கும் படித்ததில்லை.

கம்பெனியின் உரிமையாளர், நிகழ்ந்ததற்கு வருந்துவதாகவும், எனினும் தம்மீது பொறுப்பு ஏதுமில்லை என்றும் அறிக்கை விட்டார். சட்டத்தின் எழுத்தைப் பார்த்தால் அவர் சொன்னது முழுப் பொய்யும் அன்று என்பதே கொடுமை. பொய்ப்பெயர் இட்ட குற்றத்துக்காகக் கம்பெனி 26,100 டாலர் அபராதம் கட்டியது. இரசாயனர் வாட்கின்ஸ் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

டல்ஸாவில் தன் ஆறு வயது மகளைப் பறிகொடுத்த தாய் ஒருத்தி குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டுக்குக் கடிதம் எழுதினாள். மகளின் படத்தையும் உடன் வைத்திருந்தாள். அந்தச் சிறு கல்லறையைப் பேணுவது ஒன்றே தங்களுக்கு இனி எஞ்சியிருக்கும் வேலை என்றும், இத்தகைய மருந்துகள் விற்கப்படுவதைத் தடுக்க வேண்டும் என்றும் வேண்டியிருந்தாள். அதற்கு முந்திய ஆண்டில்தான் அதே இன மருந்தால் ரூஸ்வெல்ட் தம் மகனைத் திரும்பப் பெற்றிருந்தார். இதை அந்தத் தாய் அறிந்திருந்தாளோ இல்லையோ, கடிதத்தைப் பெற்றவர் நினைத்துப் பார்க்காமல் இருந்திருக்க மாட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

புதிய சட்டத்துக்கான மசோதா 1933ஆம் ஆண்டு முதல் சட்டசபையில் இழுபட்டுக் கிடந்தது. மருந்து வணிகர்களின் எதிர்ப்பு அதை நகர விடவில்லை. ஐந்தாண்டுகள் நகராத மசோதாவை அந்த 22 லிட்டர் நகர்த்தியது. 1938ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள் ரூஸ்வெல்ட் அதில் கையெழுத்திட்டார். புதிய மருந்தை விற்பதற்கு முன்னரே அது தீங்கற்றது என்று அரசாங்கத்திடம் காட்ட வேண்டும் என்ற விதி அதில்தான் பிறந்தது.

இந்த நிகழ்ச்சியை ஒட்டி இன்னொருவரைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். மருந்தின் நஞ்சை விலங்குகளுக்குக் கொடுத்து ஆராய்ந்த இடங்களுள் ஒன்று சிகாகோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கைலிங்கின் ஆய்வுக்கூடம். அங்கே பிரான்சிஸ் ஓல்டாம் என்ற மாணவி பணிபுரிந்தார். பெயரைப் பார்த்து ஆண் என்று எண்ணி இடம் கொடுத்துவிட்டார் பேராசிரியர்! அதுவும் ஒரு பெயர்ப் பிழைதான். ஆனால் நல்ல பிழை. மணமான பின் பிரான்சிஸ் கெல்சி என்று பெயர் பெற்ற அந்த அம்மையார் 1960ஆம் ஆண்டில் உணவு மருந்து நிர்வாகத்தில் சேர்ந்தார். தாலிடோமைடு என்ற தூக்க மருந்தை அனுமதிக்கக் கோரி அவர் மேசைக்கு விண்ணப்பம் வந்தது. தீங்கற்றது என்பதற்குச் சான்று போதாது என்று மீண்டும் மீண்டும் திருப்பி அனுப்பினார். ஐரோப்பாவில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அம்மருந்தால் கை கால் குறைந்து பிறந்தன. 1962ஆம் ஆண்டில் குடியரசுத் தலைவர் கென்னடி அவருக்கு விருது வழங்கிச் சிறப்பித்தார். விற்ற பின் தேடி அலைவது எப்படியிருக்கும் என்பதை மாணவப் பருவத்தில் அருகிலிருந்து கண்டவர் அவர்.

இது அமெரிக்கக் கதை, அங்கேயே முடிந்துவிட்டது என்று எண்ணியிருந்தேன். முடியவில்லை. அதே இனிப்புத் திரவம் 1970களின் தொடக்கத்தில் சென்னையில் குழந்தைகளைக் கொன்றது. 1986ஆம் ஆண்டில் பம்பாயின் ஜே. ஜே. மருத்துவமனையில் கிளிசரின் என்ற பெயருடன் நுழைந்து பதினான்கு நோயாளிகளின் உயிரைக் கொண்டுபோயிற்று; நீதிபதி லெண்டின் தலைமையில் விசாரணைக் கமிஷன் ஏற்பட்டது. 1998ஆம் ஆண்டில் டில்லியை அடுத்த குர்காவ்ன். 2022ஆம் ஆண்டில், நம் நாட்டில் செய்த இருமல் மருந்துகளைக் குடித்த ஆப்பிரிக்கக் குழந்தைகள், காம்பியா நாட்டில். நல்ல கரைப்பானும் இந்த நஞ்சும் பார்வைக்கும் நாவுக்கும் ஒன்றே போல் இருக்கும். நஞ்சு விலை மலிவு. பீப்பாய்க்குப் பீப்பாய் சோதித்தாலன்றிப் பிரித்தறிய இயலாது. எனவே, ஒரு சோதனையைச் சோம்பலாலோ பேராசையாலோ விட்டுவிடும் இடமெல்லாம் அது நுழைந்துகொண்டே இருக்கிறது.

2025ஆம் ஆண்டு செப்டம்பரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் குழந்தைகள் சிறுநீர் நின்று இறக்கத் தொடங்கினர். டல்ஸாவில் கண்ட அதே அறிகுறிகள்; எண்பத்தெட்டு ஆண்டுகள் மட்டுமே இடையில். அவர்கள் குடித்த இருமல் மருந்து நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் செய்யப்பட்டது. தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் சோதனையில் அதில் 48.6 விழுக்காடு அந்தத் திரவமே இருப்பது தெரிந்தது. அக்டோபர் தொடக்கத்தில் விற்பனை நிறுத்தப்பட்டு, புட்டிகளைத் திரும்பப் பெறும் வேலை தொடங்கியது. சிந்த்வாராப் பகுதியில் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று புட்டிகளைக் கேட்டு வாங்கினர். இறந்த குழந்தைகள் இருபதுக்கும் மேல்.

அந்த வாரத்தில்தான் எங்கள் வீட்டு அலமாரியில், பேரனுக்கு வாங்கிய இருமல் மருந்து ஒன்று பாதி தீர்ந்த நிலையில் இருப்பதை என் மனைவி எடுத்துக் காட்டினாள். மருந்து வழிந்து பிசுபிசுத்து, மேல்சீட்டில் பெயரின் பாதியும், தொகுதி எண்ணும் அழிந்துவிட்டிருந்தன. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தும் பயனில்லை. மருந்துக்கடைக்கு எடுத்துச் சென்றேன். கடையில் இருந்த இளைஞர் என்னிடம் படித்தவர். புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “பில் இருக்குங்களா ஐயா?” என்று கேட்டார். என்னிடம் இல்லை. சில்லறையுடன் சேர்த்து அவர் நீட்டிய சீட்டைப் பல தடவை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தவன் நான். வருகைப் பதிவேட்டில் ஒரு கட்டம் வெறுமையாக இருந்தால் ஆசிரியரை அழைத்து விளக்கம் கேட்ட தலைமையாசிரியன், தன் வீட்டுப் பிள்ளை குடித்த மருந்து எங்கே, எந்நாளில், எந்தத் தொகுதியிலிருந்து வந்தது என்று சொல்ல முடியாமல் நின்றேன். 1937இல் நூல் அறுந்த இடமும் இதுதான். அன்று கடைக்காரர் கையில், இன்று என் கையில்.

பேரனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தப் புட்டி நல்ல மருந்தாகவே இருந்திருக்கலாம். வீட்டுக்கு எடுத்துச் சென்று குப்பையில் போட்டுவிடலாமா என்று ஒரு கணம் எண்ணினேன். சந்தில் எறிந்த அம்மையாரின் நினைவு வந்தது. கடைக்காரரிடமே கொடுத்தேன். அவர் அதை ஓர் உறையில் இட்டு ஒட்டி, மேலே என் பெயரையும் தேதியையும் எழுதி, மேசைக்கு அடியில் இருந்த பெட்டியில் வைத்தார். அதில் அதற்கு முன்பே நான்கைந்து உறைகள் கிடந்தன.